கேட்டு எடுத்த விலா

சூசைமாணிக்கத்துக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலராகக் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து மலையில் எல்லோருக்கும் இது தெரியும். மிளகுக் கொடி கொண்டுபோய்க் கொடுப்பார். தன் கையால் ஒட்டுக் கட்டிய பலாக் கன்று கொடுப்பார். எந்தக் காட்டில் கொடி வாடுகிறது என்று காதில் விழுந்தாலும் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். ஆனால் அவர் வண்டியில் யாராவது ஒரு சீப்பு வாழைப்பழத்தை மாட்டிவிட்டால், மறுநாளே அதற்கு ஈடாக எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

பக்கத்துக் காட்டுக்காரர் கருப்பண்ணன் ஒருமுறை கேட்டேவிட்டார். "ஏனுங்க சார், எங்க கையில வாங்கித் தின்னா உங்க சாமி கோவிச்சுக்குமுங்களா?"

சூசை சிரித்து மழுப்பினார். சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் சுபாவமே அப்படி.

அவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மனைவி ஸ்டெல்லா மலையிலேயே குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். ஒரே மகள் அருள்மொழி சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கை சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முதலில் செருப்பு இறுகியது. மேட்டிலும் பள்ளத்திலும் அலைகிற கால், வீங்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டார். அப்புறம் காலையில் குமட்டல். சாப்பிடுகிற சோறு இரும்பை நக்கினாற்போல இருந்தது. ஒரு நாள் ஸ்டெல்லா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குக் கீழே என்ன இப்படி ஊதியிருக்கு?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, அன்றைக்கே பள்ளிக்கு லீவு சொல்லி அவரைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: ரத்தக் கொதிப்பு ரொம்ப நாளாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது, இரண்டு கிட்னியும் போய்விட்டன.

அதற்கப்புறம் அவர் வாழ்க்கை கொண்டை ஊசி வளைவுகளில் ஓடியது. டயாலிசிஸுக்கு மலையை விட்டு இறங்க வேண்டும், முடித்துவிட்டு ஏற வேண்டும். ரத்தம் சுத்தமாகி, உடம்பு துவண்டுபோய் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வண்டி மேலே ஏற ஏற வயிறு புரளும். ஸ்டெல்லா மடியில் ஒரு கவரை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். வெளியே மழை கொட்டும். உள்ளே அவர் டம்ளரில் அளந்து வைத்த தண்ணீரை நாக்கு நனைய மட்டும் குடிப்பார். பலாப்பழம் கூடாது, வாழைப்பழம் கூடாது, குச்சிக்கிழங்கு கூடாது என்றார்கள். மலையில் விளைகிறதெல்லாம் அவருக்கு விஷமாகிவிட்டது.

"இப்படியே ரொம்ப நாள் தள்ள முடியாது. சொந்தத்துல யாராவது கிட்னி கொடுக்க முடியுமான்னு பாருங்க" என்றார் டாக்டர்.

அண்ணன் வந்தார், அவருக்குச் சர்க்கரை. அண்ணன் மகனைக் கேட்க சூசைக்கு வாய் வரவில்லை. ஸ்டெல்லா யாரிடமும் எதுவும் பேசவில்லை. அவர் உள்ளே மெஷினில் படுத்திருந்த நேரத்தில் தன் ரத்தத்தைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டாள். ரிசல்ட் வந்த அன்றைக்கு, காரவள்ளியில் பஸ் நின்றிருந்தபோது, டீ வாங்குகிறவர்கள் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்.

"எனக்குப் பொருந்துதாம்."

"என்ன பொருந்துது?"

"கிட்னிதான். வேற என்ன."

சூசை உடனே "வேண்டாம்" என்றார். பஸ் மேலே வந்து சேரும்வரை அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே நாளில மேசையில படுத்து, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா அருளுக்கு யாரு இருக்கா?"

"நீங்க மட்டும் போயிட்டா அவளுக்கு நல்லதா?"

"முறை மாறுது ஸ்டெல்லா. ஆம்பளைகிட்டேர்ந்து எடுத்துத்தான் பொம்பளை. பொம்பளைகிட்டேர்ந்து எடுத்து ஆம்பளைக்கு வைக்கிறது வேதத்தில எங்கயும் இல்ல."

ஸ்டெல்லா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "அப்ப உங்களை யாரு பெத்தா?"

வேத வாதம் அதோடு முடிந்தது. ஆனால் பயம் அப்படியே இருந்தது. அவர் ஒட்டுக் கட்டுகிறவர். எத்தனை பக்குவமாகக் கட்டினாலும் சிலது பிடிக்காமல் போகும் என்று தெரிந்தவர். சரியான குச்சி, சரியான வேர், சரியான ஈரம், எல்லாம் இருந்தும் ஒரு வாரத்தில் கறுத்துப்போகும். குச்சியும் போய், தாய்மரத்தில் வெட்டுக்காயம் மட்டும் மிஞ்சும். கண்ணை மூடினால் அந்தக் காயம்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வகுப்பு இருந்தது. அவர்களுடைய கோவில் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்கு ஃபாதர் அங்கே தயாரிப்பு வகுப்பு வைப்பார். அதில் முதல் பாடம், கடவுள் பெண்ணைப் படைத்த கதை, எப்போதும் சூசையுடையது. உடம்பு முடியாவிட்டாலும் அதை மட்டும் அவர் விடவில்லை.

வழக்கம்போலத்தான் ஆரம்பித்தார். மனிதன் தனியாக இருந்தான். கடவுள் மிருகங்களையும் பறவைகளையும் அவனிடம் கொண்டுவந்தார். எதுவும் அவனுக்கு ஏற்ற துணையாக இல்லை. அவனைத் தூங்க வைத்து, விலா எலும்பு ஒன்றை எடுத்து, பெண்ணை உண்டாக்கினார். எடுத்தது எடுத்த இடத்துக்குத்தான் சொந்தம். ஆகவே மனைவி கணவனுக்கு அடங்கித் துணையிருக்க வேண்டும், கணவன் அவளைத் தன் உடம்பைப்போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காக இதைத்தான் சொல்லி வந்தார். யாரும் மறுத்ததில்லை.

காரவள்ளிப் பையன் சதீஷ்குமார், "சார், அதனாலதான் ஆம்பளைக்கு ஒரு எலும்பு கம்மின்னு சொல்றாங்களா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் இல்ல தம்பி. ரெண்டு பேருக்கும் சமம்தான்."

அவனுக்கு நிச்சயமான பெண் சங்கீதா. மலைக்காரப் பெண், வேதம் அவளுக்குப் புதிது. தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகமுங்க. எலும்ப எடுக்கறப்ப அவரத் தூங்க வெச்சாருன்னீங்க. எடுக்கறதுக்கு முன்னால அவருகிட்டக் கேட்டாருங்களா?"

"கேட்டதா எழுதலைம்மா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாருங்களா?"

சதீஷ்குமார் அவள் முழங்கையைத் தட்டினான். சூசை யோசித்தார். கொடுத்திருப்பான் என்று சொல்லலாம். தானாக இருந்தால் கொடுத்திருப்பார், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் தலைகீழாகத் திரும்பி நின்றது. விழித்திருக்கிற ஒருத்தி, கேட்காமலே, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அவரால் வாங்க முடியவில்லை.

"தெரியலைம்மா" என்றார். மற்றதை ஃபாதர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் இவ்வளவு சீக்கிரம் வந்ததைப் பார்த்து மயக்கம் வந்துவிட்டதோ என்று பதறினாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நானும் இத்தனை வருஷம் உங்க பாடத்தைக் கேட்டிருக்கேன்" என்றாள். "ஒண்ணு சொல்லட்டுமா? தனியா இருக்கிறது நல்லதில்லைன்னு கடவுள் சொன்னது யாரைப் பார்த்து? அவனைப் பார்த்துத்தானே. குறை அவன்கிட்ட. அவனால தனியா ஆகலைன்னுதான் அவ வந்தா."

"அதான் துணைன்னு சொல்றோமே."

"நீங்க துணைன்னா எடுபிடின்னு நினைச்சுக்கறீங்க. ஜெபத்தில சாமியை என்னன்னு கூப்பிடறோம்? ஆண்டவரே எனக்குத் துணைன்னுதானே? அப்ப அவர் உங்களுக்குக் கீழயா நிக்கிறார்?" அவள் மடித்த துண்டை அடுக்கின் மேல் வைத்தாள். "கரடி நடமாட்டம் இருக்குன்னா கண்ணாயி மிளகுக் காட்டுக்குத் துணைக்கு யாரைக் கூப்பிடுவா? தன்னைவிடப் பயந்தவளையா கூப்பிடுவா?"

கண்ணாயி கருப்பண்ணனின் மனைவி. அவள் துணைக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் ஸ்டெல்லாவைத்தான். அது சூசைக்குத் தெரியும்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். அந்த வார்த்தையை அவள் முன்னால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. "பயம் இல்லாமத்தான் செய்யணும்னா எதையும் செய்ய முடியாது."

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஸ்டெல்லா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வேலைகளைப் பார்த்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் குழு ஒன்று இருவரையும் தனித்தனியாக விசாரித்தது. கொடுப்பவர் மனமறிந்து கொடுக்கிறாரா, யாராவது நெருக்குகிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். முதலில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சூசை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அருள்மொழி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் கண் கதவை விட்டு அகலவில்லை. உள்ளே அவள் வேண்டாம் என்று சொல்லிவிடட்டும் என்று ஒரு மனம் வேண்டியது. சொல்லிவிடுவாளோ என்று இன்னொரு மனம் நடுங்கியது. அந்த இரண்டாவது மனத்தைக் கண்டு அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஸ்டெல்லா வெளியே வந்து, "உங்களைக் கூப்பிடறாங்க" என்றாள். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

உள்ளே நடுவில் ஒரு வயதான பெண் டாக்டர். "உங்க மனைவி இப்ப மனசு மாறி முடியாதுன்னு சொன்னா நீங்க கோவப்படுவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அவ அப்படிச் சொல்லணும்னு பாதி நாள் வேண்டிட்டிருக்கேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க தெளிவா இருக்காங்க. உங்களைத்தான் எனக்குப் புரியலை. கொடுக்கிறவங்களைத்தான் நாங்க எப்பவும் கேட்போம். இப்ப உங்களைக் கேக்கறேன். வாங்கிக்க உங்களுக்குச் சம்மதமா?"

மேலே மின்விசிறி கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இனிமேல் ஈடாக எதைக் கொடுப்பது என்று அவர் மனம் பழக்கதோஷத்தில் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் இல்லை என்பது தெரிந்துதான் இத்தனை நாள் மறுத்தோம் என்று அப்போது விளங்கியது.

"சம்மதம்" என்றார். குரல் எழும்பாததால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜன் வந்து விளக்கினார். ஸ்டெல்லாவுக்குக் கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய் இரண்டாக இருக்கிறது. ஆகவே சின்னத் துளை போட்டு எடுப்பதைவிட, விலாவுக்குக் கீழே திறந்து எடுப்பதுதான் பத்திரம்.

"கடைசி விலா எலும்போட நுனி வழியில நிக்கும். அதுல கொஞ்சம் எடுத்துடுவோம். அதனால பின்னால ஒண்ணும் ஆகாது, கொஞ்ச நாள் வலி இருக்கும்."

சூசை நிமிர்ந்து பார்த்தார். "எலும்பா?"

"நுனி மட்டும்தான் சார்."

சர்ஜன் போன பிறகும் அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு தீர்ப்பு தன் தலையில் இறங்கியதுபோல இருந்தது. ஸ்டெல்லாதான் சிரித்தாள். "அந்தப் பையன் கேட்டானே, இனிமே எனக்குத்தான் ஒண்ணு கம்மின்னு அவன்கிட்டச் சொல்லுங்க." சிரித்து முடிக்குமுன் அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

காலையில் முதலில் அவளைத்தான் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டி திரும்பும்போது அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், அதற்குள் கதவு மூடிக்கொண்டது. பிறகு அவரையும் கொண்டுபோனார்கள். விளக்குகளுக்குக் கீழே குளிர் எலும்புவரை ஏறியது. "ஆழமா மூச்சு விடுங்க" என்றது ஒரு குரல். தூங்கக் கூடாது, அவள் வெளியே வரும்வரை தூங்கக் கூடாது என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

விழித்ததும் தொண்டையில் குழாய் இருந்த வலி. "ஸ்டெல்லா?" என்றார்.

"அவங்க நல்லா இருக்காங்க" என்றாள் நர்ஸ். எல்லோருக்கும் சொல்கிற பதில்தானே இது என்று அவருக்குப் பட்டது. மறுபடி கேட்டார். அதே பதில். டாக்டரைக் கேட்டார், அதே பதில். எல்லோரும் ஒன்றுபோலச் சொல்வதே பயத்தைக் கூட்டியது. கடைசியில் அருள்மொழி அம்மாவின் கட்டிலருகே நின்று நர்ஸின் செல்போனுக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் ஸ்டெல்லா. தலை கலைந்து, உதடு வெளுத்து, எரிச்சலோடு.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பாக்கணும்னு."

"பாத்தாச்சுல்ல. பேச வைக்காதீங்க, இருமல் வந்தா விலாப்பக்கம் உயிர் போகுது."

அந்த எரிச்சலைக் கேட்டபிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது. பைக்குள் யூரின் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நர்ஸ் காட்டினாள். வற்றிப்போயிருந்த உடம்பு தண்ணீர் விடுகிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நிம்மதி நிலைக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்த வாரத்தில் ரத்தத்தில் கழிவு சேர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது. காய்ச்சல் அடித்தது. டாக்டர்கள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். உடம்பு புதுக் கிட்னியை ஏற்க மறுக்கிறது, ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். சூசைக்கு மற்றதெல்லாம் மறந்துபோய்க் கறுத்த ஒட்டுக்குச்சி மட்டும் கண்ணில் நின்றது. ஸ்டெல்லா முகக்கவசம் போட்டுக்கொண்டு, விலாவைக் கையால் தாங்கியபடி மெதுவாக நடந்து அவரைப் பார்க்க வந்தாள்.

"வீணாக்கிட்டேன்" என்றார் அவர். "உன்னை அறுத்து எடுத்ததை வீணாக்கிட்டேன். மன்னிச்சிரு."

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தது. "யாரு வீணாக்கினது? உங்க உடம்பு செய்யுது, நீங்களா செய்யறீங்க? நான் குடுத்தாச்சு. அது பிடிச்சாலும் குடுத்ததுதான், பிடிக்காட்டியும் குடுத்ததுதான். அந்த ஆதாம் எழுந்திரிச்சு, ஐயோ என் எலும்புன்னா அழுதான்? அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். நீங்க என்னைப் பார்த்தா ஏதோ அபராதம் கட்ட வந்தவர் மாதிரியே பாக்கறீங்க."

நின்று பேசியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் ஓடிவந்து நாற்காலி போட்டாள். சூசை படுத்தபடியே அவளைப் பார்த்தார். உண்மையில் அவர் அவளைப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. காயத்தைப் பார்த்தார், ஆபத்தைப் பார்த்தார், கடனைப் பார்த்தார். முகத்தை இப்போதுதான் பார்த்தார். இளைத்திருந்தாள். மூக்குத்தியைக் கழற்றிய இடத்தில் சின்னப் புள்ளி தெரிந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இட்லி. ஆஸ்பத்திரி இட்லி, கல்லு மாதிரி" என்றாள்.

ஊசி வேலை செய்தது. கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. இறங்கியும் அவர் நம்பவில்லை, ஒவ்வொரு காலையும் ரிசல்ட் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை எடுத்துச் சில மாதங்கள் தங்கினார்கள். அருள்மொழி தினமும் கல்லூரி விட்டதும் வந்து சமைத்தாள். அதன் பிறகுதான் மலையேற அனுமதித்தார்கள். சூசைக்கு வேளை தப்பாமல் மாத்திரை, கூட்டத்துக்குப் போகக் கூடாது, காய்ச்சல் என்றால் உடனே கீழே வர வேண்டும். இனி ஆயுசுக்கும் அப்படித்தான்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஸ்டெல்லா மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் காலையில் கண்ணாயி வந்து, "மெதுவாப் போங்க டீச்சரம்மா, மேடு வழுக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஸ்டெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். சூசைக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. இப்போது அவளுக்கும் ஒரு கிட்னிதான் இருக்கிறது. விழுந்துவிட்டால்? நனைந்து காய்ச்சல் வந்தால்? முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே பின்னால் நடந்தார்.

பள்ளிக்கு முந்தின மேட்டில் அவள் நின்று, விலாப்பக்கம் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கு வர்றீங்க? பிள்ளைங்க கூட்டத்துக்குப் பக்கத்துல வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"சும்மாத்தான். நடக்கச் சொல்லியிருக்காங்களே."

"வலி இல்ல. குளிருக்குக் கொஞ்சம் இழுக்குது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போங்க."

சரி என்று தலையாட்டினார். ஆனால் போகவில்லை. அவள் கேட்டைத் திறந்து உள்ளே போவதையும், பிள்ளைகள் ஓடிவந்து மொய்ப்பதையும், அவள் கையை நீட்டி, இடிக்காதீங்க என்று அவர்களைத் தள்ளி நிறுத்துவதையும் பார்த்தார். மணி அடித்து, வகுப்பில் அவள் குரல் கேட்கிறவரை, சாலையோரத்திலேயே நின்றார்.